பருவும் வருது, எத பூசுனாலும் எரியுது: எங்க கடையில அடிக்கடி கேக்கற கேள்விங்க

கேரளாவுல பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்டா இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. வர்றவங்கள்ல தமிழும் உண்டு மலையாளமும் உண்டு, ஒருத்தரு பருன்னு சொல்லுவாங்க இன்னொருத்தரு முகக்குருன்னு சொல்லுவாங்க, ஆனா கேள்வி ஒண்ணுதான்: "அக்கா, முகம் பூரா பருவா இருக்குது, மருந்து போட்டா எரிஞ்சு செவந்து போயிருது, வேற என்ன இருக்கு?" பின்னாடி நாலு பேரு சீட்டோட நிக்கும்போது இதுக்கு முழுசா பதில் சொல்ல முடியறதில்லைங்க, பாதி சொல்லி அனுப்புனா அவங்க பாதி கேட்டுட்டு போய் எதையாவது பூசிக்கிட்டு வர்றாங்க. அதனால உக்காந்து எழுதறேன். எனக்கும் 19 வயசுல இருந்து இதே முகம்தான். நான் டாக்டர் கிடையாது, கீழ சில மருந்துக்கு டாக்டர் சீட்டு வேணும், டாக்டர கேக்கணும்னும் சொல்லிருக்கேன், அத விட்டுட்டு படிக்காதீங்க.

என் முகம் சென்சிட்டிவ்தானான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

சோப்பு போட்டு கழுவி 10 நிமிசத்துல தோல் இழுத்து புடிச்ச மாதிரி ஆகுதா, வேர்வை வழிஞ்சா கன்னம் சுருக்குனு எரியுதா, மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ணாத சன்ஸ்கிரீன் உங்களுக்கு மட்டும் கண்ணோரம் எரிச்சல் குடுக்குதா? அப்படின்னா ஆமாங்க. ஆனா இதுல ஒரு விசயம் இருக்கு. நெறைய பேருக்கு பொறக்கும்போதே சென்சிட்டிவ் தோல் கிடையாது, பரு போகணும்னு ஒரே நேரத்துல ஸ்கிரப்பு, எலுமிச்சம்பழம், மூணு விதமான சீரம்னு போட்டு தோலோட மேல்பூச்ச அவங்களே தேச்சு எடுத்துட்டாங்க. அப்படிப்பட்டவங்க எல்லாத்தயும் நிறுத்திட்டு ஒரு மாசம் சாதா ஃபேஸ்வாஷும் மாய்ஸ்சரைசரும் மட்டும் போட்டாலே பாதி எரிச்சல் அடங்கிரும்.

முகத்த சுத்தமா வெச்சுக்காததாலதான் பரு வருதுன்னு அம்மா திட்றாங்க. நெசமா?

இல்லைங்க. இத மொதல்ல அம்மாக்கிட்ட படிச்சு காட்டுங்க. வயசுக்கு வர்றப்ப ஆண்ட்ரோஜன் ஹார்மோன் ஏறுது, அது தோலுக்குள்ள இருக்கற எண்ணெ சுரப்பிய வேலை வாங்குது, அந்த எண்ணெயும் செத்த தோலும் சேந்து மயிர்க்காலோட வாய அடைச்சுக்குது, அடைபட்ட எடத்துல க்யூட்டிபாக்டீரியம் ஆக்னேன்னு ஒரு கிருமி பெருகுது, ஒடம்பு அதுகூட சண்டை போடறப்ப அது செவந்து சீழ் வெக்குது. இது நடக்கறது தோலுக்கு உள்ள, மேல தேச்சு கழுவி அத தொட முடியாது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கழுவுனா போதும், நல்லா வேர்த்துட்டா மூணாவது. அஞ்சு தடவை ஆறு தடவை கழுவறவங்களுக்குத்தான் எரிச்சல் அதிகம், பருவும் கொறையறதில்ல. குடும்பத்துல இருந்தா வர்றதுக்கு வாய்ப்பு அதிகம், அப்பா கன்னத்துல பழைய குழி இருக்கான்னு பாருங்க, தெரிஞ்சுரும்.

சரி, எதுல இருந்து ஆரம்பிக்கறது?

மூணே மூணு சாமான். மொதல்ல நுரை கம்மியா வர்ற, வாசனை இல்லாத ஃபேஸ்வாஷ். நம்ம தோலு லேசான அமிலத் தன்மை உள்ளது, பிஎச் 5 பக்கம் இருக்கும், குளியல் சோப்பு 9, 10ன்னு இருக்கும், அதான் இழுக்குது. ரெண்டாவது ஜெல் இல்லேன்னா லோஷன் மாதிரி லேசான மாய்ஸ்சரைசர், டப்பா பின்னாடி செராமைடு, கிளிசரின் இருக்கான்னு பாருங்க, வாசனை சேத்தது வேண்டாம். எண்ணெ வழியற முகத்துக்கு எதுக்கு மாய்ஸ்சரைசர்னு கேப்பாங்க, எண்ணெ வேற ஈரம் வேறங்க, பரு மருந்து எல்லாமே தோல காய வெக்கும், இது கூட இல்லேன்னா ரெண்டாவது வாரமே மருந்த தூக்கி போட்டுருவீங்க. மூணாவது காலையில சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு மேல. அது எரிஞ்சா ஜிங்க் ஆக்சைடு உள்ளதா கேட்டு வாங்குங்க, முகம் கொஞ்சம் வெளுப்பா தெரியும், ஆனா எரிச்சல் கம்மி.

இந்த மூணும் ரெண்டு வாரம் ஒத்துக்கிட்டா அப்பறம் மருந்து, அதுவும் ஒண்ணே ஒண்ணு. ஒரே நாள்ல நாலு புது சாமான் ஆரம்பிச்சா எரிஞ்சா எதனாலன்னு கடவுளுக்குத்தான் தெரியும். புதுசா எது வாங்குனாலும் காது பின்னாடியோ முழங்கை மடிப்புலயோ ஒரு சின்ன எடத்துல தெனமும் ரெண்டு வேளை, ஒரு வாரம் பூசி பாருங்க. ஒரு தடவை பூசிட்டு "ஒண்ணும் ஆகல அக்கா"ன்னு வர்றாங்க, சில அலர்ஜி மூணு நாலு நாள் கழிச்சுத்தான் தலை காட்டும்.

பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக், அடாபலின், அசலைக்... இதுல எது எனக்கு?

இதுக்கு கொஞ்சம் பொறுமையா படிக்கணும்.

சீழ் வெச்ச, செவந்த பரு அதிகம்னா பென்சாயில் பெராக்சைடு. அது கிருமிய நேரா கொல்லுது, வருசக்கணக்கா போட்டாலும் கிருமி அதுக்கு பழகிக்கறதில்ல, ஆன்டிபயாடிக் அப்படி கெடையாது. எல்லாரும் பண்ற தப்பு, ஸ்ட்ராங்கா வேணும்னு 10 சதவீதம் கேக்கறது. 2.5 சதவீதமே 5க்கும் 10க்கும் சமமா வேலை செய்யும், எரிச்சல் மட்டும் ரொம்ப கம்மி. சென்சிட்டிவ் முகத்துக்கு நான் சொல்ற வழி, பூசி 5 நிமிசம் விட்டு கழுவிருங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பழகுனதும் 10 நிமிசம். துணி சாயத்த வெளுத்துரும், கவனம். நான் மொதல் தடவை போட்ட அன்னைக்கு நீல தலகாணி உறை, காலையில எந்திரிச்சு பாத்தா என் கன்னம் பட்ட எடத்துல மட்டும் ஆரஞ்சு கலர்ல ஒரு கை அகலத்துக்கு கறை, எத்தன தொவச்சும் போகல. அதுல இருந்து வெள்ளை உறைதான்.

கருமுள்ளு (பிளாக்ஹெட்), வெண்முள்ளு (வைட்ஹெட்), தொட்டா சொரசொரன்னு இருக்கறவங்களுக்கு சாலிசிலிக் ஆசிட், 0.5ல இருந்து 2 சதவீதம் வரைக்கும் கிடைக்கும். எண்ணெயில கரையறதால அடைப்புக்குள்ள போகும். ஃபேஸ்வாஷா வாங்குனா சென்சிட்டிவ் முகத்துக்கு நல்லது, மேலயே தங்கறதில்ல.

அடாபலின் 0.1 சதவீதம் ஜெல், இது வைட்டமின் ஏ வகை, அடைப்பு உண்டாகறதையே தடுக்கும், அதனால இருக்கற பரு மேல மட்டும் பொட்டு வெக்கறதுல பிரயோஜனம் இல்ல, பரு வர்ற எடம் முழுசுக்கும் பூசணும். டாக்டர் எழுதி குடுத்து வாங்க வேண்டியது. ராத்திரி, முகம் நல்லா காஞ்சதும், ஒரு பட்டாணி அளவு முழு முகத்துக்கு. பட்டாணின்னா பட்டாணிதாங்க, கடலை இல்ல! கண்ணோரம், மூக்கு ஓரம், ஒதட்டோரம் வேண்டாம். மொதல்ல மாய்ஸ்சரைசர், அதுக்கு மேல மருந்து, வேணும்னா திரும்ப மாய்ஸ்சரைசர். மூணு நாளைக்கு ஒருக்கா ஆரம்பிச்சு ஒரு மாசத்துல தெனமும்னு வந்தா போதும்.

எனக்கு கடைசியில ஒத்துக்கிட்டது அசலைக் ஆசிட். 10, 15, 20ன்னு வருது. மெதுவாத்தான் வேலை செய்யும், பூசுன மொத வாரம் எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுக்கும், ஆனா பருவயும் கொறச்சு, அது விட்டுட்டு போற கருப்பு கறையவும் கொறைக்கும், நம்ம மாநிறத்துக்கு அதுதான் பெரிய தலைவலியே. எரிச்சல் தாங்காதவங்க டாக்டர்கிட்ட இத பத்தி கேளுங்க.

க்ளிண்டாமைசின் ஜெல் மட்டும் தனியா மாசக்கணக்கா போடறவங்க நெறைய. ஆன்டிபயாடிக் தனியா போட்டா கிருமி பழகிரும், கூட பென்சாயில் பெராக்சைடு இருக்கணும், டாக்டர் சொன்ன நாளோட நிறுத்தணும்.

வெளிச்செண்ணெ (தேங்காண்ணெதான்), ஏலாதி, நால்பாமராதி மாதிரி ஆயுர்வேத எண்ணெ... பாட்டி காலத்துல இருந்து பூசறதுதானே?

நம்ம ஊர்ல தேங்காண்ணெய குறை சொன்னா யாருக்கும் புடிக்காது, நானும் தலைக்கு வெக்கறவதான். ஆனா பரு வர்ற முகத்துக்கு அது ஆகாதுங்க, துவாரத்த அடைக்கும். ஏலாதி கேரம் முழுக்க தேங்காண்ணெயில காய்ச்சறது, குங்குமாதி நல்லெண்ணெயில. வறண்ட தோலுக்கு அதுங்க நல்லாருக்கும், பரு இருக்கறவங்களுக்கு வேண்டாம். தலைக்கு எண்ணெ வெச்சு குளிக்கற பழக்கம் இருந்தா குளிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வெச்சு, நெத்திக்கு வழியாம ஒரு துணி கட்டிக்குங்க, ராத்திரி எண்ணெ தலையோட தூங்காதீங்க. நெத்தி ஓரமா மட்டும் பரு வரிசையா இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் இதான் காரணம்.

எலுமிச்சம்பழம், சோடா மாவு, டூத்பேஸ்ட் மூணும் கூடவே கூடாது. பச்சப்பயறு மாவு பூசறதுன்னா தேய்க்காம, சும்மா பூசி கழுவுங்க.

ஒரு கிரீம் பூசுனேன், மூணே நாள்ல பரு போயி முகம் பளபளன்னு ஆச்சு. விட்டா ரெண்டு மடங்கா வருது. அதே கிரீம் குடுங்க அக்கா.

இந்த கேள்விதான் என்ன இத எழுத வெச்சது.

போன வருசம் ஒரு காலேஜ் புள்ள வந்துச்சு, கைக்குட்டையில சுருட்டி ஒரு அலுமினிய ட்யூப் கொண்டு வந்துச்சு, கடைசி சொட்டு வரைக்கும் பென்சில வெச்சு உருட்டி எடுத்து ட்யூப் கடுதாசி மாதிரி தட்டையா இருந்துச்சு, பேரு எழுதுன பக்கமே உரிஞ்சு போச்சு. ஒரு பார்லர்ல குடுத்தாங்களாம். வெளிச்சத்துல திருப்பி வெச்சு படிச்சா க்ளோபெட்டசால்னு பாதி எழுத்து தெரியுது. அந்த புள்ளையோட கன்னத்துல மெல்லிசா செவப்பு நரம்பு ஓடுது, ஒதட்டுக்கு மேல பூனைமுடி கருத்து வளந்திருக்கு, கவுண்டர் மேல தொங்கற பல்பு சூட்டுக்கே "எரியுது அக்கா"ன்னு முகத்த திருப்பிக்குது.

அது ஸ்டீராய்டு. மூணு நாள்ல செவப்ப அமுக்கிரும், அதான் மருந்து வேலை செய்யற மாதிரி தெரியுது. மாசக்கணக்கா போட்டா தோலு மெலிஞ்சு போகும், நரம்பு தெரியும், முடி வளரும், ஸ்டீராய்டாலயே புதுசா பரு வரும். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூவோசினோலோன், இந்த பேரு எதுவாவது ட்யூப்ல இருந்தா பருவுக்குன்னு முகத்துல பூசாதீங்க. படர்தாமரைக்கு வாங்கி வீட்ல கெடக்கற பல மருந்து கலந்த கிரீம்லயும், மங்குக்குன்னு வாங்கற மூணு மருந்து சேந்த கிரீம்லயும் ஸ்டீராய்டு இருக்கும். 2018லயே மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்கள ஷெட்யூல் எச்ல சேத்துட்டாங்க, சீட்டு இல்லாம விக்கக்கூடாது. இருந்தும் கையில கெடைச்சுட்டுதான் இருக்கு.

ஏற்கனவே பூசிட்டு இருக்கறவங்க பயந்து இன்னைக்கே தூக்கி எறிஞ்சுட்டு வீட்ல உக்காந்துராதீங்க, திடீர்னு விட்டா முகம் கொப்பளிச்சு எரியும், அத தாங்க முடியாமதான் எல்லாரும் திரும்ப அதுக்கே போறாங்க. தோல் டாக்டர்கிட்ட ட்யூப்போட போங்க, எப்படி கொறைக்கறதுன்னு அவங்க சொல்லுவாங்க. சில மாசம் ஆகும், ஆனா தேறிரும். அந்த புள்ள இன்னும் வைத்தியத்துல இருக்கு, இப்ப வெயில்ல குடை இல்லாம பஸ் ஸ்டாப் வரைக்கும் வருது.

பேரு தெரியாத வெள்ளையாக்கற கிரீம், வெளிநாட்டு டப்பா?

வேண்டவே வேண்டாம். 2023ல மலப்புறம் ஜில்லாவுல கிட்னி கெட்டுப்போய் வந்தவங்கள விசாரிச்சப்ப சில பேரு இந்த மாதிரி கிரீம் பூசிட்டு இருந்தது தெரிஞ்சுது, அதுல பாதரசம். அந்த வருசமே கேரளா டிரக்ஸ் கண்ட்ரோல் டிபார்ட்மெண்ட் ஆபரேஷன் சௌந்தர்யான்னு கடை கடையா சோதனை போட்டாங்க. தயாரிச்சவங்க விலாசம், லைசென்ஸ் நம்பர், என்னென்ன சேத்திருக்குன்னு லிஸ்ட், இதெல்லாம் இல்லாத டப்பாவ தொடாதீங்க.

நெத்தி பூரா ஒரே சைசுல சின்ன சின்னதா, அரிக்குது. பரு மருந்து கேக்கல.

அரிப்புன்னு சொன்னாலே நான் நிறுத்தி கேப்பேன், சாதா பரு வலிக்கும், அவ்வளவா அரிக்காது. ஒரே அளவுல, நெத்தி, நெஞ்சு, முதுகுன்னு இருந்தா அது மலசீசியான்னு ஒரு பூஞ்சையா இருக்கலாம், வேர்வையும் புழுக்கமும் அதுக்கு கொண்டாட்டம், ஆன்டிபயாடிக் சாப்பிட்டா இன்னும் ஏறும். கீட்டோகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்துக்குத்தான் கேக்கும். பாத்து உறுதி பண்ண டாக்டர் வேணும்.

எங்க வீட்ல போர் தண்ணி, ஒரே உப்பு. அதனால பரு வருமா?

தண்ணியால நேரா பரு வராது. ஆனா கடினத் தண்ணியில சோப்பு சரியா போகாம தோல்ல படிஞ்சு நிக்கும், எரிச்சல் அதனால. நம்ம கிழக்கு சித்தூர் பக்கம் மழை கம்மி, போர் தண்ணியில பாத்திரத்துலயே வெள்ளை படியறத பாக்கறோமே. முகம் கழுவி முடிச்சு கடைசியா குடிக்கற தண்ணி ஒரு சொம்பு ஊத்தி அலசுங்க, சோப்புக்கு பதிலா ஃபேஸ்வாஷ். அவ்வளவு போதும், ஃபில்டருக்குன்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேண்டாம்.

மார்கழி தையில மட்டும் மருந்து ரொம்ப எரியுதே?

கணவாய்க் காத்துங்க. அந்த ரெண்டு மூணு மாசம் கிழக்கால இருந்து பாலக்காட்டு கணவாய் வழியா காஞ்ச காத்து அடிக்குது, ஒதடு வெடிக்குது, தோலும் அப்படித்தான். அப்ப மருந்த ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி மாய்ஸ்சரைசர கெட்டியா மாத்துங்க. பங்குனி சித்திரையில 40 டிகிரி தொடறப்ப திரும்ப லேசான ஜெல்லுக்கு வந்துரலாம். தேங்கா லோடு வண்டியில, தோப்புல வேலை பாக்கற தம்பிங்க தலைய சுத்தி கட்டற துண்ட தெனமும் தொவைங்க, அதே துண்டால முகத்த அழுத்தி தொடைக்காதீங்க, ஒத்தி எடுங்க.

சாப்பாடு?

எண்ணெ பலகாரம் தின்னா பரு வருதுங்கறதுக்கு பெருசா ஆதாரம் இல்ல. சர்க்கரை, மைதா, இனிப்பு கூல்டிரிங்க்ஸ் மாதிரி ரத்தத்துல சர்க்கரைய சட்டுனு ஏத்தறது, சில பேருக்கு பாலு, ஜிம்முக்கு போற பசங்க குடிக்கற வே புரோட்டீன் பவுடர், இதுங்களுக்கு தொடர்பு இருக்கறதா பாத்திருக்காங்க. ரெண்டு மாசம் கொறச்சு பாருங்க. சாப்பாட மட்டும் மாத்தி பெரிய பரு போனத நான் பாத்ததில்ல.

எத்தன நாள்ல தெரியும்?

8ல இருந்து 12 வாரம். மொத ரெண்டு மூணு வாரத்துல அடாபலின் போட்டா கொஞ்சம் அதிகமாகி அப்பறம்தான் எறங்கும். கல்யாணத்துக்கு பத்து நாள் இருக்குதுன்னு வர்றவங்களுக்கு நான் புது மருந்து எதுவும் குடுக்கறதில்ல.

கருப்பு தழும்பு?

பரு போன எடத்துல தட்டையா கருப்பா இருந்தா அது தழும்பு இல்ல, கறை, மாசக்கணக்குல தானா மங்கும், சன்ஸ்கிரீன் போட்டா சீக்கிரம், போடலேன்னா வெயில் அத இன்னும் ஆழமாக்கும். குழியா இருந்தாதான் தழும்பு, அதுக்கு கிரீம் பத்தாது, பரு முழுசா அடங்குன பின்னாடி டாக்டர்கிட்ட வேற வைத்தியம் இருக்கு. கையால கிள்ளுனாதான் குழி விழற வாய்ப்பு அதிகம்.

மாசமா இருக்கேன், பூசலாமா?

அடாபலின், ட்ரெட்டினாய்ன் மாதிரி வைட்டமின் ஏ வகை எதுவும் வேண்டாம். அசலைக் ஆசிட் பொதுவா பாதுகாப்பானதுதான், இருந்தாலும் உங்கள பாக்கற டாக்டர கேட்டுட்டு பூசுங்க. ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை கர்ப்பத்துல கொழந்தைக்கு பெரிய ஊனத்த உண்டாக்கும், அத சாப்பிடறப்பவும், ஆரம்பிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியும், நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பமாகக் கூடாது. அக்காவுக்கு எழுதுன மாத்திரைய தங்கச்சிக்கு குடுக்காதீங்க, நெசமாவே அப்படி வந்து கேக்கறாங்க. டாக்டர் பார்வையில, ரத்தப் பரிசோதனையோட சாப்பிட்டா மோசமான பருவுக்கு அது ரொம்ப நல்ல மருந்து, அத கண்டு ஒரேயடியா பயப்படவும் வேண்டாம்.

எப்ப டாக்டர பாக்கணும்?

தோலுக்கு அடியில கல்லு மாதிரி கட்டி கட்டியா வலிச்சா, குழி விழ ஆரம்பிச்சா, மூணு மாசம் ஒழுங்கா பூசியும் கொறையலேன்னா, ஸ்டீராய்டு பூசியிருந்தா. பொண்ணுங்களுக்கு மாசமாசம் தள்ளி போறதும் தாடையில முடி வளர்றதும் பருவோட சேந்து இருந்தா பிசிஓஎஸ்ங்கற ஹார்மோன் கோளாறு இருக்கலாம், லேடி டாக்டர்கிட்டயும் காட்டணும். கண்ணாடிய பாக்கவே புடிக்கல, காலேஜுக்கு போக மாட்டேங்கறாங்கன்னா அதுவும் போதுமான காரணந்தாங்க, பரு சின்னதா இருந்தாலும் கூட்டிட்டு போங்க.

காசு இல்லேன்னு தள்ளி போடாதீங்க, கோவை அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயும் திருச்சூர் அரசு மெடிக்கல் காலேஜ்லயும் தோல் ஓபி இருக்கு, எந்த நாள்னு கேட்டுட்டு காலையில நேரத்தோட போங்க. பவுடர் போடாம போகணும். இதுவரைக்கும் பூசுன ட்யூப், டப்பா, எண்ணெ பாட்டில் எல்லாத்தயும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, காலி ட்யூப்பா இருந்தாலும் சரி, பார்லர்ல குடுத்ததா இருந்தாலும் சரி, திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க, அந்த கவர பாத்துத்தான் அவங்க மருந்து எழுதுவாங்க.